காலை ஆறு மணி முகூர்த்தம்: போட்டோவுக்கு எங்கே நேரம்?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தங்கைக்குத் தை மாதம் ஒரு திங்கட்கிழமை கல்யாணம். முகூர்த்தம் காலை 6.00 முதல் 7.30. முதல் நாள் ஞாயிறு மாலை வரவேற்பு, அதற்கு முந்தின சனிக்கிழமை பெண் வீட்டில் நலங்கு. பெண் வீடு கடலூர் மஞ்சக்குப்பம், மாப்பிள்ளை வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை, நடுவில் தவளக்குப்பத்தில் மண்டபம். போட்டோகிராபர் நேர அட்டவணை கேட்கிறார். அண்ணன் ஒரு வரைவு போட்டிருக்கிறார். அதில் தாலி கட்டி முடிந்ததும், 8 மணிக்கு, 'ஒயிட் டவுன் அவுட்டோர்' என்று இருக்கிறது, அதாவது புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் படம் எடுப்பது. இடையில் அப்பாவுக்குக் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலிலேயே தாலி கட்டிவிடலாமா என்றும் ஒரு யோசனை. இதையெல்லாம் எப்படி ஒழுங்கு பண்ணுவது?

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பல வருஷமாக கேமரா தூக்குகிறவன் என்ற முறையில் முதலில் அந்த 8 மணியை அடித்துவிடச் சொல்வேன். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகு காலம். புதுத் தாலியோடு பெண்ணை அந்த நேரத்தில் மண்டபத்தை விட்டு வெளியே அனுப்ப உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொண்டாலும், முதல் நாள் வர முடியாத சொந்தக்காரர்கள் மேடை ஏறுவதும், டிபன் பந்தி முழு வேகத்தில் ஓடுவதும் அப்போதுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போய்விட்டால் நெய்வேலியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த பெரியம்மா காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவார். இந்தக் கோபம் அடுத்த கல்யாணம் வரைக்கும் ஆறாது.

சரி, ராகு காலம் கழிந்து 9 மணிக்குக் கிளம்பலாமே என்றால், 10.30க்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும். அதற்குள் முத்தியால்பேட்டையில் ஆரத்தி சுற்றி, பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், பால் பழம் சாப்பிட்டாக வேண்டும். திங்கட்கிழமை காலை ஆபீஸ் நேரத்தில் அரியாங்குப்பம் தாண்டி மரப்பாலம் சிக்னலில் நிற்கும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஒயிட் டவுனுக்கு அதில் இடமே இல்லை. போனாலும் வெயில் ஏறியிருக்கும், பெண் மூன்று மணிக்கு எழுந்தவள், மாப்பிள்ளை பசியில் இருப்பார். அந்த முகங்கள்தான் ஆல்பத்தில் வரும்.

ஆகவே என் கருத்து இதுதான்: திங்கட்கிழமை காலையைச் சடங்குக்கே விட்டுவிடுங்கள். ஜோடியாக நிதானமாக எடுக்கும் படங்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி ஞாயிறு மாலை, வரவேற்புக்கு முன்னால், மண்டபத்துக்குப் பக்கத்திலேயே. மறுபாதி கல்யாணம் முடிந்து மூன்று நாலு நாள் கழித்து, ஒரு வேலை நாள் அதிகாலையில் ஒயிட் டவுனில். இதை ஒத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக உட்கார்ந்துவிடும்.

இனி திங்கட்கிழமைக் கணக்கு. பெண் எழுந்திருக்கும் நேரத்தில் ஆரம்பித்துக் கீழே எழுதிக்கொண்டு வராதீர்கள். அப்படிப் போட்டால் தாமதம் எல்லாம் கடைசியில் தாலி கட்டும் நேரத்தின் தலையில்தான் விழும். தாலி கட்டும் நிமிஷத்தை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். பத்திரிகையில் 6.00–7.30 என்று ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கும். அதற்குள் எப்போது என்பது ஐயர் கையில் இருக்கிறது. ஒரு வாரம் முன்னால் அவருக்குப் போன் போட்டு, "சாமி, மாங்கல்யதாரணம் எத்தனை மணிக்கு வைப்பீங்க, அதுக்கு முன்னாடி என்னென்ன செய்வீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டு வழக்கத்துக்கும் வரிசை மாறும். காப்பு கட்டுவது, பாத பூஜை, தாய்மாமன் சீர், கன்னிகாதானம் எல்லாம் எது முதலில் எது பிறகு என்பது உங்கள் போட்டோகிராபருக்கு வேறு வழியில் தெரியாது.

ஐயர் ஒத்துக்கொண்டால் 6.50 நல்ல நேரம் என்பேன். தை மாதத்தில் இங்கே சூரியன் உதிக்கவே 6.35 ஆகிவிடும். ஆறு மணிக்குத் தாலி கட்டினால் வெளியே இன்னும் இருட்டு, மண்டபக் கதவைத் திறந்து வைத்தாலும் புண்ணியமில்லை. 6.50க்குக் கட்டினால் பக்கவாட்டுக் கதவுகள் வழியாகக் கொஞ்சம் பகல் வெளிச்சம் உள்ளே வரும். அந்தக் கொஞ்சத்துக்கே கூட்டத்தின் முகங்கள் படத்தில் தெரியும். அதே சமயம் 7.30 ராகு காலத்துக்கு முன்னால் நாற்பது நிமிஷம் கையில் இருக்கிறது. மெட்டி போடுவது, அம்மி மிதிப்பது, அக்னியை வலம் வருவது எல்லாம் பதற்றமில்லாமல் முடியும். (இதே கல்யாணம் வைகாசியில் என்றால் கணக்கே வேறு. அப்போது 5.45க்கே சூரியன் வந்துவிடும்.)

6.50லிருந்து பின்னால் வாருங்கள். கூரைப்புடவை மாற்றிக்கொண்டு பெண் மறுபடி மணவறைக்கு வர வேண்டியது 6.30. புடவையை ஐயர் கையில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போவது 6.00. பெண் முதலில் மேடைக்கு வருவது 5.45. அதற்கு முன்னால் அறையிலேயே பெண்ணைத் தனியாக, அம்மாவோடு, அக்கா தங்கைகளோடு எடுக்கக் கால் மணி நேரம், 5.30 முதல். அப்படியென்றால் 3.15க்கு பியூட்டிஷியன் கை வைத்தாக வேண்டும். மாப்பிள்ளை 4 மணிக்கு எழுந்தால் போதும், 5.15க்கு அவர் மணையில் உட்கார்ந்திருப்பார். போட்டோகிராபரை 4.30க்கு வரச் சொல்லுங்கள். 3.15க்கே வரச் சொல்வது வீண், அரைகுறை மேக்கப்பில் எடுக்கும் படத்தை எந்தப் பெண்ணும் ஆல்பத்தில் வைக்க விடுவதில்லை.

இந்த வரிசையில் எல்லோரும் ஏமாறும் இடம் கூரைப்புடவை. "கட்டிட்டு வந்துடுவா, பத்து நிமிஷம்" என்பார்கள். கட்டியிருக்கும் பட்டைக் கழற்றி, புதுப் பட்டைக் கட்டி, ஒட்டியாணத்தை மாட்டி, ஜடையில் சிக்கியதை எடுத்து, வியர்வையைத் துடைத்து வருவதற்கு அரை மணி நேரம் சாதாரணமாக ஆகும். புதுப் பட்டு வேறு, மடிப்பு நிற்காது. இதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. கூரைப்புடவையை இரண்டு நாள் முன்னாலேயே பியூட்டிஷியனிடம் கொடுத்து மடிப்பு எடுத்து அயர்ன் செய்து, கிளிப் போட்டுப் பெட்டி மாதிரி மடித்து வாங்கிக்கொள்ளலாம். 'ப்ரீ ப்ளீட்டிங்' என்று கேட்டால் தெரியும். அதை அப்படியே தட்டில் வைத்து மஞ்சள் குங்குமத்தோடு ஐயர் ஆசீர்வாதம் செய்து கொடுப்பதில் சாஸ்திரக் குறை ஒன்றுமில்லை. கட்டும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும். மாமியார் வீட்டில்தான் புடவை எடுத்திருப்பார்கள் என்பதால், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வாங்குங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் வேறு மாதிரி அர்த்தமாகும்.

தாலி கட்டும் நேரம் அரை நிமிஷம்தான். கெட்டிமேளம் கொட்டியதும் மண்டபமே எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், முன் வரிசையில் இருக்கும் மாமா போனைத் தூக்கிக்கொண்டு மணவறைக்கு முன்னால் வந்து நிற்பார். போட்டோகிராபருக்குக் கிடைப்பது மாமாவின் முதுகு. இதை மைக்கில் சொல்லித் தடுக்க முடியாது. மணைக்கு முன்னால் நாலடி இடத்தைக் காலியாக விடும்படி டெக்கரேட்டரிடம் முன்பே சொல்லி, அங்கே குத்துவிளக்கும் சீர்வரிசைத் தட்டுகளும் அரை வட்டமாக வைத்துவிடுங்கள். தட்டைத் தாண்டி யாரும் கால் வைக்க மாட்டார்கள். கேமராக்காரர் தட்டுக்கு உள்ளே உட்கார்ந்துகொள்வார். மூன்றாவது முடிச்சு போடப்போகும் நாத்தனாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: பெண்ணின் மாலையை லேசாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி. இப்போது வரும் மாலைகள் மோவாய் வரைக்கும் நிற்கின்றன. தாலி மாலைக்குள் போய்விட்டால் படத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கழுத்தில் எதையோ தேடுகிற மாதிரி இருக்கும். முகூர்த்த மாலையை மெலிதாகக் கட்டச் சொல்லுங்கள். கனமான மாலையை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வரவேற்பு மேடைக்குப் போடும் ஊதா, ரோஸ் கலர் எல்.இ.டி. விளக்குகளை முகூர்த்தத்துக்கும் அப்படியே எரியவிட்டால், மஞ்சள் பூசிய முகம் சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளை வேட்டி ஊதாவாகும். எடிட்டிங்கில் அதைத் திருப்ப முடியாது. முகத்தைச் சரிசெய்தால் புடவையின் நிறம் போகும். காலையில் மேடைக்கு வெளிர் மஞ்சள் வெளிச்சம் மட்டும் போதும் என்று டெக்கரேட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய எல்.இ.டி. திரை வைத்திருந்தால் தாலி கட்டும்போது அதை அணைத்துவிடுவது நல்லது, போட்டோவில் குறுக்குக் கோடுகள் விழும் தொல்லையும் இருக்காது. ஹோமப் புகைக்கு மேலே ஃபேன் சுற்றினால் புகை மணமக்கள் கண்ணில்தான் இறங்கும். அந்த ஒரு ஃபேனை மட்டும் நிறுத்த ஒரு பையனை ஸ்விட்ச் பக்கத்தில் நிறுத்துங்கள்.

தாலி முடிந்த பிறகு 7.30 முதல் 9 வரை ஆசீர்வாதமும் பரிசும் குரூப் போட்டோவும். 9.15க்கு மண்டபத்திலிருந்து புறப்பாடு. இடையில் 8.15 வாக்கில் இருபது நிமிஷம் மணமக்கள் சாப்பிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். கேமராக்காரர்களும் அப்போதே சாப்பிட்டுவிடட்டும். நாலு பேர் டீமாக வருவார்கள்: சடங்கு முழுவதையும் எடுக்கும் போட்டோ ஒருவர், வீடியோ ஒருவர், போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் போட்டோ ஒருவர், கேண்டிட் வீடியோ ஒருவர். நாலு மணிக்கு டீ குடித்தவர்களை யாரும் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டால், 9.15க்குப் பெண் அழுதுகொண்டே கார் ஏறும்போது இவர்கள் கடைசிப் பந்தியில் இருப்பார்கள். இது என் ஜாதிக்காகப் பேசுவது என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. படம் எடுக்க நல்ல வெயில் சாய்வதும் சரியாக அதே நேரம், தை மாதத்தில் சூரியன் மறைவது 6.10 வாக்கில். பெரும்பாலான வீடுகளில் ராகு காலத்தில் கிளம்புவதைத்தான் பார்ப்பார்கள். முன்னாலேயே கிளம்பி வெளியே இருப்பதை யாரும் குறை சொல்வதில்லை. ஆக, 4.15க்கு மண்டப வாசலைத் தாண்டிவிடுங்கள், 6 மணி கழித்துத் திரும்ப உள்ளே வாருங்கள். இதற்குப் பெண் 4 மணிக்குத் தயாராக வேண்டும். ஞாயிறு பகல் 12 முதல் 1.30 எமகண்டம் என்பதால் மண்டபத்தில் பால் காய்ச்சி விளக்கேற்றுவது ஒன்று 12க்கு முன், அல்லது 1.30க்குப் பின். சாவி மதியம்தான் தருவார்கள் என்றால் 1.35க்கு உள்ளே, 1.45க்கு மேக்கப் ஆரம்பம், 3.45க்கு இருவருக்கும் வயிறாரச் சாப்பாடு. வரவேற்பு முடிந்து இலையில் உட்கார இரவு 9.30 ஆகும், அதுவரை தாங்க வேண்டும்.

போகும் இடம் ஒயிட் டவுன் இல்லை. ஞாயிறு மாலை அங்கே சென்னை, பெங்களூர்க் கூட்டம் முழுவதும் தெருவில் நிற்கும். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் வேறு. துய்மா வீதியில் ஒரு மஞ்சள் சுவரைப் பிடிக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தவளக்குப்பத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் நல்லவாடு கடற்கரை இருக்கிறது. படகுகள், வலைகள், வழியில் தென்னந்தோப்பு. சிலருக்கு ஒரு தவறான எதிர்பார்ப்பு இருக்கும், கடலில் சூரியன் மறையும் படம் வேண்டும் என்று. நம்முடையது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலிலிருந்து வரும், ஊர்ப் பக்கம் மறையும். ஆனால் மாலையில் இங்கே கிடைக்கும் வெளிச்சம் குறைந்ததல்ல. வெயில் தென்னை மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும் மணலில் நிழல் இருக்காது, கிழக்கு வானமும் கடலும் இளஞ்சிவப்பு கலந்த நீலத்தில் இருக்கும், யாரும் கண்ணைச் சுருக்க வேண்டாம். 4.45 முதல் 5.15 வரை தோப்பில், அப்புறம் மணலில். ஒரு மணி நேரம் போதும். வலை காயப்போட்ட இடத்தில் மிதிக்காதீர்கள், படகில் ஏறுவதென்றால் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பட்டுப்புடவை ஈர மணலில் இழுபடும், ஒரு சித்தி கூடவே போகட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து வெளியே போவதா என்று வீட்டில் யாராவது கேட்கலாம். வரவேற்பில் அதே இருவரும் இரண்டு மணி நேரம் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கத்தானே போகிறார்கள். கூட நாலு பேர் போகிறார்கள் என்று சொல்லுங்கள். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். மண்டபத்து மொட்டை மாடியிலோ வாசல் மரத்தடியிலோ பெண்ணைத் தனியாக, மாப்பிள்ளையைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

6.10 முதல் 6.30 வரை இருக்கும் இருபது நிமிஷத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. சூரியன் போய்விட்டது, வானம் இன்னும் கறுக்கவில்லை, சீரியல் லைட் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பை அந்த நேரத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளப்பினால் நாதஸ்வரம், கார், மத்தாப்பு, நீல வானம் எல்லாம் ஒரே படத்தில் சேரும். ராகு காலமும் முடிந்திருக்கும். 7.30க்கு வைத்தால் கறுப்புப் பின்னணியில் ஃபிளாஷ் அடித்த முகங்கள் மட்டும்தான். பத்திரிகையில் வரவேற்பு 6.30 என்று போட்டிருந்தாலும் ஏழுக்கு முன்னால் மேடைக் கூட்டம் வராது, கவலை வேண்டாம்.

மேடை வரிசைக்கு ஒரு கணக்கு போடுங்கள். 600 பேர் வருகிறார்கள், 500 பேர் மேடை ஏறுகிறார்கள், நாலு நாலு பேராக ஏறினால் 125 செட். ஒரு செட்டுக்கு முக்கால் நிமிஷம் என்றாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நடுவில் கேக், நடனம், ஆங்கர் வைத்து விளையாட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பத்தரை ஆகும். அதற்குப் பிறகு சாப்பிட்டு, மேக்கப் கலைத்து, கொண்டை ஊசிகளை எடுத்துப் படுக்க நள்ளிரவு. மூன்று மணிக்கு முன்னால் எழ வேண்டும். எந்த லென்ஸும் தூங்காத கண்ணை மறைக்காது. 9.15க்கு மேடையை மூடுவது என்று இரு வீட்டாரும் இப்போதே பேசி வையுங்கள். நடனத்தில் பெண்ணுக்கே ஆசை என்றால் சரி, இல்லையென்றால் அதைத்தான் முதலில் வெட்டுவேன்.

தாத்தா பாட்டி படங்களை ஞாயிறு 6.30 முதல் 6.50க்குள், கூட்டம் வரும் முன், எடுத்து முடித்துவிடுங்கள். மறுநாள் விடியலில் அவர்கள் களைத்திருப்பார்கள், அல்லது தாலி முடிந்ததும் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். குரூப் போட்டோவுக்குப் பத்துப் பதினைந்து செட் எழுதிக் கொடுத்தால் போதும். பட்டியலைவிட முக்கியம், வீட்டுக்கு ஒரு ஆள். சொந்தக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த, குரல் உள்ள சித்தப்பா ஒருவர். "மாமா வீட்டுக்காரங்க எல்லாம் வாங்க" என்று போட்டோகிராபர் கத்தினால் எந்த மாமா என்று அவருக்கே தெரியாது. மணமக்களையும் பெற்றோரையும் இந்த வேலைக்கு விடாதீர்கள்.

சனிக்கிழமை மஞ்சக்குப்பம் வீட்டில் நலங்கு என்று எழுதியிருக்கிறீர்கள், நேரம் போடவில்லை. சனி 9 முதல் 10.30 ராகு காலம், அதனால் 7.30 முதல் 9க்குள் வைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கும் அதுதான் நல்ல நேரம். ஒரு வேண்டுகோள்: வாசல் பந்தலுக்கு நீலம் அல்லது பச்சைத் தார்ப்பாய் போட்டால், அடியில் வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் மஞ்சள் பூசிய பெண் பச்சையாகத் தெரிவாள். நலங்குப் படங்கள்தான் பல ஆல்பங்களில் உயிரோடு இருப்பவை. எல்லோரும் வீட்டு ஆட்கள், யாரும் போஸ் கொடுப்பதில்லை. இதற்குப் போட்டோகிராபர் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள், வேண்டுமானால் கிரேன் கேமராவைக் குறையுங்கள்.

அப்பாவின் திருவந்திபுரம் யோசனை. தேவநாத சுவாமி சந்நிதியில் தாலி கட்ட வேண்டும் என்று வேண்டுதல் இருந்தால் மறுபேச்சில்லை, அங்கேயே செய்யுங்கள். ஆனால் அது தை மாத முகூர்த்த நாள் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும் இடம் அது. பக்கத்துப் பக்கத்தில் மணமக்கள், ஒரே நேரத்தில் நாலு பக்கமும் மேளம், உங்கள் ஆட்கள் எந்தப் பெண்ணுக்கு அட்சதை போடுவது என்று தேடுவார்கள். அங்கே நாலு கேமராக்காரர்கள் தேவையில்லை, கூட்டத்தில் நுழையத் தெரிந்த ஒருவரும் ஒரு வீடியோவும் போதும். சந்நிதிக்குள் கேமரா கிடையாது. கோயிலை ஒட்டிய ஔஷதகிரிக் குன்றின் படிக்கட்டில் கொஞ்ச நேரம் ஒதுங்கி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கோயிலிலிருந்து தவளக்குப்பம் வந்து மறுபடி முத்தியால்பேட்டைக்கு 10.30க்குள் போவது, மேலே போட்ட கணக்கில் நடக்காது. கோயில் என்றால் மண்டபத்தை ஞாயிறு வரவேற்போடு முடித்துக்கொண்டு, காலை டிபனைக் கடலூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதை 12க்கு மேல் தள்ளுங்கள். இரண்டையும் ஒரே காலையில் வைக்காதீர்கள்.

ஒயிட் டவுனுக்கு வியாழன் அல்லது வெள்ளி காலை போங்கள், மறுவீடு முடிந்த பிறகு. முத்தியால்பேட்டையிலிருந்து பத்து நிமிஷம்தான். 6.20க்குக் கடற்கரைச் சாலையில் இருக்க வேண்டும். மாலையிலிருந்து காலை வரை அங்கே வண்டிகள் ஓடாது, நடக்கிறவர்கள் மட்டும்தான். காந்தி சிலைப் பக்கம் கடலைப் பார்த்து நின்றால் உதிக்கும் வெயில் நேராக முகத்தில் விழும். 7.15 வரை அந்த வெயில் மென்மையாக இருக்கும். அப்புறம் துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி மாதிரி கடலுக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடும் தெருக்களுக்குள் போய்விடுங்கள். கிழக்குப் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழுந்திருக்கும், 8.15 வரைக்கும் நிம்மதியாக எடுக்கலாம். கடலை நோக்கிப் போகும் குறுக்குத் தெருக்களில் வெயில் நீளவாக்கில் அடிக்கும், முதுகில் வெயில் விழும்படி நிறுத்தினால் அழகு.

மஞ்சள் சுவரில் ஒட்டி நிற்காதீர்கள். சுவரின் மஞ்சள் முகத்தில் ஏறும், வெள்ளைச் சட்டையிலும் ஏறும். நாலடி தள்ளி நின்றால் சரியாகிவிடும். அந்த நிறத்துக்கு எதிரில் கருநீலம், கரும்பச்சை, அரக்கு எடுபடும். மஞ்சள் பட்டும் தங்கக் கரையும் சுவரோடு சுவராகப் போய்விடும். அவை வீடுகள், ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். திண்ணையில் ஏறி உட்கார்ந்து, கதவில் சாய்ந்து எடுத்ததால்தான் பல வீட்டு வாசலில் இப்போது போட்டோ எடுக்காதே என்று பலகை தொங்குகிறது.

ட்ரோன் கேட்டால்: புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில், ஊருக்கு ஒட்டியே இருக்கிறது. ஒயிட் டவுனுக்குள் துணைநிலை ஆளுநர் மாளிகை, சட்டசபை எல்லாம் இருக்கின்றன. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் இடத்தைப் பார்த்து, அனுமதி யார் பொறுப்பு என்று போட்டோகிராபரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தவளக்குப்பம் மண்டபத்துக்கும் இதே சோதனை வேண்டும்.

கடைசியாக, இந்த அட்டவணையை இரண்டாகப் போடுங்கள். போட்டோகிராபர், பியூட்டிஷியன், டெக்கரேட்டர், மண்டப மேனேஜர், ஐயர், வீட்டுக்கு ஒரு சித்தப்பா, இவர்களுக்கு உண்மையான நேரம். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும் தாளில் ஒவ்வொன்றும் இருபது நிமிஷம் முன்னதாக. ஐயருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். முகூர்த்த நாட்களில் அவர் ஒரு மண்டபத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறவர். முந்தின வேலை எங்கே, எத்தனை மணிக்கு முடிகிறது என்று நேரில் கேட்டு, தேவைப்பட்டால் அதிகாலையில் அவரைக் கூட்டிவர உங்கள் வண்டியையே அனுப்புங்கள்.